கழுத்தில் மழித்த இடம்

அந்தக் கருங்கிடாவைத் தமிழ்மதி தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அது ஓடாது என்பதுதான். பட்டியில் இருந்த மற்ற செம்மறிகள் ஆள் வாடை பட்டதுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொள்ளும். கருங்கிடா மட்டும் நின்ற இடத்தில் நின்று, என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று கேட்பதுபோல மூக்கை நீட்டும். குட்டியிலிருந்து அம்மாவின் கையில் கேரட் தழையும் ஊறவைத்த கடலையும் தின்று வளர்ந்த பழக்கம்.

"ஏ புள்ள, இது நேந்துவிட்ட கிடால்ல?" என்றான் குமாரவேல். அவன் அவளுடைய அத்தை மகன். கால்நடை மருந்தகத்தில் உதவியாளாக இருக்கிறான். ஊசியும் கத்தரிக்கோலும் அவன் கொண்டுவந்தவை.

"ரத்தந்தானே மச்சான் எடுக்கப் போறோம். கொஞ்ச நாள்ல ஊறிரும்."

"ஆட்டுக்கு ஊறிரும். கருப்பன் என்ன சொல்லுவாரு?"

"கருப்பன் என்ன, அளந்தா பாக்கப்போறாரு?"

குமாரவேல் சிரித்தான். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற சிரிப்பு. கிடாவின் இடப்பக்கக் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரோமத்தை மழித்தாற்போல ஒட்டக் கத்தரித்தான். கறுப்பு ரோமத்துக்கு அடியில் தோல் சாம்பல் நிறமாக, யாரும் பார்த்திராத மாதிரி இருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, விரலால் அழுத்தி நரம்பைப் புடைக்க வைத்தான். தமிழ்மதி கிடாவின் தலையைக் கக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது கிடா ஒருமுறை மூச்சைச் சீறி விட்டது, அவ்வளவுதான். பிறகு அவள் மணிக்கட்டில் வியர்வை உப்பை நக்க ஆரம்பித்தது.

ரத்தத்தைக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் வாங்கி, உறையாமல் இருக்க அவள் குலுக்கிக்கொண்டே இருந்தாள். உறைய வேண்டிய நார் எல்லாம் மணிகளில் சுற்றிக்கொள்ளும். மிச்சம் தண்ணீராகவே நிற்கும். குலுக்கும்போது மணிகள் சலசலத்தன. அந்தச் சத்தம் தெருவரை கேட்குமோ என்று அவளுக்கு ஒரு பதற்றம். அம்மா பூண்டுத் தோட்டத்தில் களையெடுப்புக்குப் போயிருந்தாள். அவள் தலைமறையும்வரை காத்திருந்துதான் தமிழ்மதி குமாரவேலுக்குப் போன் செய்தாள்.

பிற்பாடு அவளைப் பாடாய்ப் படுத்தியது இந்த ஒரு விஷயம்தான். சாமி அளந்து பார்க்காது என்று நம்புகிறவள், அம்மா போகட்டும் என்று ஏன் காத்திருந்தாள்?

கொடைக்கானலில் அவள் படிக்கும் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறை பின்பக்கம், யூகலிப்டஸ் மரங்களுக்கடியில் இருந்தது. மழைக்காலத்தில் சுவர் வேர்க்கும் கட்டடம். உள்ளே எப்போதும் கதகதப்பாக இருக்கும் ஒரே இடம் கிருமி வளர்க்கும் இன்குபேட்டர்தான். மாணவிகள் தட்டுகளைப் பார்க்கிற சாக்கில் அதன் கதவைத் திறந்து விரல்களைச் சூடேற்றிக்கொள்வார்கள். துறைத் தலைவி ஷர்மிளா மேடம் அதைக் கண்டும் காணாமல் போவார். "கிருமிக்கெல்லாம் ஸ்வெட்டர் போட்டு வச்சிருக்கோம், பிள்ளைங்கதான் நடுங்குதுங்க" என்பார்.

தன் ஊரான வில்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண்களோடு நின்றுகொண்டே போய், மாலையில் அதே கூட்டத்தோடு திரும்புவாள் தமிழ்மதி. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், விடுதிகளில் படுக்கை மாற்றுகிறவர்கள். "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டால் முதலில் நுண்ணுயிரியல் என்பாள். முகம் மாறாததைப் பார்த்துவிட்டு, "கிருமியப் பத்தி அக்கா" என்பாள். "அடியாத்தி, அதத் தொடுவியா?" என்று ஒதுங்கி நின்று, பிறகு சிரித்துக்கொண்டே இடம் கொடுப்பார்கள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா பழனிச்சாமிக்கு அவளுடைய பாடத்தின் பெயர் வாயில் நுழையாது. கேட்பவர்களிடம் "பெரிய படிப்பு" என்று முடித்துவிடுவார்.

முதுகலை கடைசி ஆண்டில் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். தமிழ்மதி தொண்டைக் கிருமியை எடுத்துக்கொண்டாள். குளிர்காலத்தில் மலையில் தொண்டை வலியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது ஸ்ட்ரெப் என்னும் கிருமியால் வருகிறது என்று பார்ப்பது. ஏன் அதை எடுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்பில் அவளுக்கு அப்படி ஒரு தொண்டை வலி வந்தது. கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள், போய்விட்டது. கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கியது, பிறகு மணிக்கட்டு, பிறகு படியேறினால் நெஞ்சு படபடத்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர், தொண்டையில் வந்த கிருமி இருதயத்தைத் தொட்டுவிட்டது என்றார். அம்மா ஜோதிமணிக்கு அதில் புரிந்தது இருதயம் என்ற சொல் மட்டும்தான். வார்டு வராந்தாவிலேயே தலையில் கையை வைத்து, ஓடைக்கருப்பனுக்குக் கருங்கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டாள். தமிழ்மதி பிழைத்து எழுந்தாள். இன்றைக்கும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். ஊசி போட்ட அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டேதான் வருவாள்.

நேர்ந்தது நின்றுபோனது. ஒரு வருடம் பங்காளி வீட்டுச் சாவு, ஒரு வருடம் ஊரடங்கு, ஒரு வருடம் பூண்டு அழுகிப்போய் கையில் ஒன்றும் இல்லை. கடைசியில் முழுக் கறுப்பாக ஒரு குட்டி பிறந்தபோது, அம்மா அதன் காதோரத்தை அறுத்து அடையாளம் வைத்து, "இது அவருக்கு" என்று ஊரறியச் சொல்லிவிட்டாள். இந்தச் சித்திரையில் வெட்டுவதாக ஏற்பாடு.

ஆய்வுக்கு ரத்தம் வேண்டியிருந்ததும் அந்தக் கிருமியால்தான். அது சாதாரணத் தீனியில் வளராது. கடற்பாசியில் செய்த அகார் கூழைக் காய்ச்சி, கன்னத்தில் வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அதில் ஆட்டு ரத்தம் கலந்து தட்டில் ஊற்றி உறையவைக்க வேண்டும். அந்த ரத்தத்தைத் தின்று கிருமி வளரும். வளர்ந்த இடத்தைச் சுற்றி ரத்தம் கரைந்து தெளிந்த வட்டம் ஒன்று விழும். அந்த வட்டம்தான் அடையாளம். துறையில் கறிக்கடையிலிருந்து ரத்தம் வாங்குவது வழக்கம். எத்தனை சுத்தமாகப் பிடித்தாலும் தட்டில் வேறு கிருமிகள் மொய்த்துவிடும். "உன் தட்டுல ஸ்ட்ரெப்பத் தவிர எல்லாருக்கும் சொந்தக்காரங்க இருக்காங்கடி" என்றாள் தோழி சுசித்ரா. அவள் பழனியில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவரின் மகள். எதையும் கூட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் பேசுவாள். "தைப்பூசத்துக்கு மலையேறுற மாதிரி இருக்கு."

நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகள் வீணாகிக்கொண்டிருந்தன. ஆய்வை ஒப்படைக்கும் நாள் நெருங்கியது. "உயிரோட இருக்குற ஆட்டுல இருந்து சுத்தமா எடுத்தா ஒழிய இது சரிவராது" என்று மேடம் சொன்ன மறுநாள்தான் தமிழ்மதி குடுவையோடு வந்து நின்றாள்.

"யாரு எடுத்தா?"

"கால்நடை மருந்தகத்துல வேலை பாக்குறவங்க மேடம். சொந்தக்காரங்க."

"வீட்டுல சம்மதம்தானே?"

"ம்" என்றாள் தமிழ்மதி.

தொண்டையில் பஞ்சுக்குச்சி விடுவதற்குமுன் ஒவ்வொரு பிள்ளையின் தாயிடமும் அவள் தன் வாயாலேயே விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தாள். எதற்கு எடுக்கிறோம், என்ன செய்வோம், விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று. ஒரு தாய் வேண்டாம் என்றபோது, நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தும் இருக்கிறாள்.

தட்டுகள் இந்தமுறை பழுத்த செர்ரி நிறத்தில் பளபளவென்று உறைந்தன. அடுத்த நாள் காலை இன்குபேட்டரைத் திறந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளிகள்; ஒவ்வொன்றையும் சுற்றி, ரத்தம் முழுக்கக் கரைந்துபோன ஒரு வட்டம். வட்டத்தின் வழியே ஜன்னலுக்கு வெளியே நின்ற யூகலிப்டஸ் மரம் தெரிந்தது. சுசித்ரா அவள் முதுகில் அடித்தாள். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "பாடப்புத்தகத்துல போடலாம் மதி" என்றார். அந்த நிமிடம் தமிழ்மதிக்கு இருந்தது சந்தோஷம்தான். அதை மறுக்க முடியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா பட்டியில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கொட்டாங்குச்சியில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து, கிடாவின் கழுத்தில் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கயோ கம்பி வேலியில உரசியிருக்கு மதி. பாரு, எப்படி வழிச்சு எடுத்திருக்குன்னு. சாமிக்கு விட்டதுல ஒரு கீறல் இருக்கக் கூடாதுல்ல. சித்திரைக்குள்ள மயிரு மொளச்சிருமா?"

மழித்த இடம் சீராக, சதுரமாக இருந்தது. எந்தக் கம்பி அப்படி உரசும்? அம்மாவுக்கு அது தோன்றவே இல்லை. தோன்ற வேண்டிய அவசியம் இல்லாத வீட்டில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மொளச்சிரும்மா" என்றாள் தமிழ்மதி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் காலேஜ்ல கேட்டு மருந்து வாங்கிட்டு வாரேன்" என்றும் சொன்னாள். வாங்கியும் வந்தாள். அம்மா அந்தக் களிம்பை, மகள் கொண்டுவந்தது என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டுக் கிடாவுக்குத் தினம் தடவினாள்.

அதன்பிறகு சொல்வதற்கு எத்தனையோ நேரம் வாய்த்தது. அம்மா தோசை ஊற்றும்போது, பூண்டு ஆயும்போது, பஸ்ஸுக்கு வழியனுப்ப வரும்போது. ஒவ்வொரு முறையும் தமிழ்மதி தனக்குள் ஒரு வகுப்பு எடுத்துக்கொள்வாள். ரத்தம் என்பது அணுக்களும் நீரும். எடுத்தால் ஊறும். கிடா நன்றாக இருக்கிறது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சொன்னால் அம்மா பயப்படுவாள், சொல்லாவிட்டால் பயப்பட மாட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பட்டிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள்.

சித்திரையில் ஓடைக்கருப்பன் கோயிலுக்குப் போனார்கள். கோயில் என்றால் ஓடைக்கரையில் நாவல் மரத்தடியில் மூன்று கல்லும் ஒரு அரிவாளும்தான். பூசாரி சேனாதிபதி அப்பாவுக்கு அண்ணன் முறை. மற்ற நாட்களில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். ஜீப்பைக் கொஞ்ச தூரத்தில் நிறுத்திவிட்டு, சட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு, விபூதி பூசிக்கொண்டு வந்தார். "வெரசா முடிங்கப்பா. சீசன் நேரம். மத்தியானம் ஒரு சவாரி கெடக்கு" என்றார்.

உறவெல்லாம் வந்திருந்தது. அடுப்பு மூட்டி, வெங்காயம் உரித்து, மசாலா அரைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். சித்தப்பா ஒருவர் கிடாவைச் சுற்றி வந்து, தொடைப் பக்கம் பார்த்து, "ஜோதிமணி நல்லாத்தான் வளத்திருக்கு" என்று நாக்கைச் சப்புக்கொட்டினார். கழுத்தில் ரோமம் பாதிதான் முளைத்திருந்தது. அதை மறைத்து அம்மா கனத்த செவ்வந்தி மாலை போட்டிருந்தாள்.

கிடாவைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினார்கள். தலையிலும் முதுகிலும் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலுப்பாவிட்டால் அரிவாள் இறங்காது.

சேனாதிபதி தெளித்தார். கிடா நின்றது. மறுபடியும் தெளித்தார். காதை மட்டும் ஆட்டியது.

"தண்ணி பத்தலண்ணே" என்றது ஒரு குரல். ஒரு செம்பு முழுக்க ஊற்றினார்கள். ரோமத்தில் வழிந்து தரையில் சொட்டியது. கிடா அம்மாவைப் பார்த்து மூக்கை நீட்டியது.

ஏன் சிலுப்பவில்லை என்று தமிழ்மதிக்குத் தெரிந்தது. அம்மா வாராவாரம் அதை வெந்நீரில் குளிப்பாட்டிப் பழக்கியிருந்தாள். தண்ணீர் பட்டால் அசையாமல் நிற்க வேண்டும் என்பது அதற்குப் பாடம். இதில் சாமி எங்கிருந்து வந்தது? இதை எடுத்துச் சொல்லிவிடலாம். ஆனால் அவள் கண் செவ்வந்தி மாலையை விட்டு நகரவில்லை. நெஞ்சு அந்தப் பழைய படபடப்பில் அடித்துக்கொண்டது.

"பழனி, வீட்டுல ஏதோ குத்தம் இருக்குப்பா" என்றார் சேனாதிபதி. குரலில் இப்போது சவாரி அவசரம் இல்லை. "யாரு மனசுல என்ன கெடக்குன்னு கேளு. சொல்லிட்டா உத்தரவு வந்துரும்."

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "தள்ளித் தள்ளிப் போட்டது தப்புதான் சாமி."

தண்ணீர் தெளித்தார்கள். கிடா நின்றது.

கூட்டத்தில் பேச்சு கிளம்பியது. குமாரவேலின் அம்மா, "நேந்தவ மனசு சுத்தமா இருக்கணும்ல" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். அம்மா முகம் வெளுத்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கல்லுக்கு முன்னால் விழுந்தாள். அத்தனை ஆண்களும் நிற்கும் இடத்தில், தலையைத் தூக்காமலே பேசினாள்.

"நான்தான் சாமி. தீட்டு நாள்ல தொட்டுட்டேன். மாசக்கடைசியில யாரும் வீட்டுல இல்ல. அது கத்துச்சு. தண்ணி காட்டிட்டு, கழுத்தத் தடவிக் குடுத்துட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். எம் பிள்ளைய ஒண்ணும் செஞ்சிராதே. என்னயக் கேளு."

ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அத்தை, "பாத்தியா" என்பதுபோல உதட்டைச் சுழித்தாள். ஈர மண்ணில் அம்மாவின் நெற்றி பட்டிருந்தது. வீட்டுக்குள் கூட மறைத்துப் பேசுகிற விஷயத்தை, தான் செய்யாத குற்றத்துக்காக ஊருக்கு முன்னால் எடுத்துப் போட்டுவிட்டாள்.

"அம்மா இல்ல, நான்" என்றாள் தமிழ்மதி.

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மாலையை விலக்கி, பாதி முளைத்த இடத்தைக் காட்டினாள். "இது கம்பி உரசினது இல்ல பெரியப்பா. நான்தான் மழிச்சு ரத்தம் எடுத்தேன். காலேஜுக்கு. அம்மாவுக்குத் தெரியாது."

அம்மா மண்ணிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"நீயே எப்படித்தா எடுத்தே?" என்றார் சேனாதிபதி.

அவள் குமாரவேல் நின்ற பக்கம் பார்க்காமல் மாலையைச் சரிசெய்தாள். கூட்டத்தின் பின்னாலிருந்து குமாரவேல் குரல் வந்தது. "ஊசி புடிச்சது நான். தலையப் புடிச்சது அவ." அவனுடைய அம்மா அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

சேனாதிபதி கிடாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. வழி தவறிய பயணியிடம் பேசுவதுபோலத்தான் கேட்டார். "மொத ரத்தத்த யாருக்குக் குடுத்தே?"

"யாருக்கும் இல்ல பெரியப்பா. பரிசோதனைக்கு."

"அந்த ரத்தம் என்னாச்சு?"

"தொண்டைக் கிருமி வளக்குறதுக்கு..."

"அப்ப கிருமி தின்னுருச்சு."

அவர் சொன்னது பாடப்புத்தகப்படியே சரி.

"ஒருத்தர் தின்ன மிச்சத்த சாமிக்கு வைக்க மாட்டோம்" என்றார் சேனாதிபதி. கிடாவின் கயிற்றை அவிழ்த்து அப்பா கையில் கொடுத்தார். "வேற கிடா வளங்க. இது எச்சி. இத யாரும் வெட்டவும் வேணாம், விக்கவும் வேணாம்." கல்லுக்கு முன்னால் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, சட்டையை எடுக்க ஜீப்பை நோக்கிப் போனார்.

"அப்போ கொழம்பு?" என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டார். மட்டனுக்கு அரைத்த மசாலாவில் கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் வெந்தன. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். "காய் நல்லாத்தான் வெந்திருக்கு" என்றார் சித்தப்பா. கறி போன வருத்தத்தில் அதற்கு மேல் அவரால் பாராட்ட முடியவில்லை.

திரும்பும்போது அம்மா முன்னால் கிடாவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தமிழ்மதி பாத்திரங்களைச் சுமந்து பின்னால் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். கேரட் தோட்டம் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"அது என்ன கிருமி?"

"தொண்டைக் கிருமிம்மா."

"தொண்டைக் கிருமின்னா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "எனக்கு வந்துச்சுல்ல, அதாம்மா."

அம்மா நின்றாள். கிடாவும் நின்றது.

"உன்னயக் கொண்டுபோகப் பாத்துச்சே, அதா?"

"அதக் கண்டுபுடிக்கத்தான்மா. மத்த பிள்ளைகளுக்கு அது வந்தா வெள்ளனே தெரியணும்ல. அப்பத்தான் மருந்து..."

"கண்டுபுடி. நான் வேணாம்னா சொன்னேன்?" அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "அதுக்கா சோறு போட்டே? உன் உசுருக்கு நேந்ததுல இருந்து எடுத்து?"

தமிழ்மதியிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் தாய்மார்களிடம் எத்தனையோ முறை சொல்லிப் பழகிய பதில். இந்தமுறை அதைத் தொடங்காமல், பாத்திரங்களை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

ஆய்வு முடிந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், தட்டுகளின் படங்களைப் பார்த்துவிட்டு, "ரத்தம் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். "எங்க வீட்டு ஆடு சார்" என்றாள். அவர் பாராட்டினார். தேர்வு முடிந்ததும் ஷர்மிளா மேடம் அவளைத் துறையிலேயே தற்காலிக உதவியாளராக எடுத்துக்கொண்டார். அப்பா ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அம்மா வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள், சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தமிழ்மதிதான் அதைத் தட்டை வெளிச்சத்தில் பிடிப்பதுபோலப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதத்தில் கருங்குட்டி ஒன்று பிறந்தது. அம்மா அதைத் தூக்கிவந்து தமிழ்மதியின் மடியில் போட்டாள். "காதறுத்து நீயே விடு. நீயே வளத்து நீயே குடு. நான் நேந்தத நான் தீக்க முடியாதுன்னு ஆயிப்போச்சு" என்றாள். அதிலிருந்து பஸ்ஸுக்குக் கிளம்புமுன் குட்டிக்குத் தழை போடுவது அவள் வேலை. நம்பிக்கை இல்லாதவள் சாமிக்கு ஆடு வளர்க்கிறாளே என்று சுசித்ரா போனில் கேலி செய்தாள். "நம்பிக்கை இருக்கா இல்லையான்னு ஒரு தட்டுல ஊத்திப் பாரேன், வட்டம் விழுதான்னு." தமிழ்மதி சிரித்தாள். உண்மையில் அவளுக்கே தெரியவில்லை. குட்டியின் கழுத்தை ஒரு கீறல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

புது வகுப்பு தொடங்கியதும் மேடம் கூப்பிட்டார். "ஜூனியர்ஸுக்கு ப்ளட் அகார் வேணும் மதி. உங்க வீட்டு ஆடு இன்னும் இருக்குல்ல?"

"இருக்கு மேடம். வீட்டுல கேட்டுச் சொல்றேன்."

"போன தடவ சம்மதம்னு சொன்னியே?"

"போன தடவ கேக்கல மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நிறையப் பேசுவார் என்று நினைத்தாள். "கேளு" என்றார். "இல்லைன்னா கறிக்கடைதான். பரவாயில்லை."

அன்று மாலை அம்மா பூண்டு ஆய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டாள். எதற்கு எடுக்கிறோம், எவ்வளவு எடுப்போம், கிடாவுக்கு என்ன ஆகும், வேண்டாம் என்றால் வேண்டாம். ஆஸ்பத்திரியில் தாய்மார்களிடம் சொல்கிற அதே வரிசையில், ஊர்ப் பேச்சில் சொல்லி முடித்தாள். அம்மா பூண்டுத் தோலை ஊதிவிட்டு, அடுத்த பூண்டை எடுத்தாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ வரவில்லை. தமிழ்மதி இல்லை என்றே எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குமாரவேல் வாசலில் வந்து நின்றான். "ஒங்கம்மா போன் பண்ணுச்சு, ஊசியோட வாடான்னு" என்றான். தமிழ்மதி பட்டிக்கு ஓடினாள். அம்மா கருங்கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில், இடுப்போடு அணைத்து, குட்டி.

"பெருசக் குத்து" என்றாள். "இது பாக்கக் கூடாது."

கயிற்றை மகள் கையில் கொடுத்துவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழைய இடத்தில் ரோமம் முழுக்க முளைத்திருந்தது. மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் பழுப்பாக, தேடினால் மட்டும் தெரிகிற மாதிரி. குமாரவேல் கத்தரிக்கோலை அங்கேயே வைத்தான். தமிழ்மதி தலையைக் கக்கத்தில் வாங்கிக்கொண்டாள். கிடா ஓடப் பார்க்கவில்லை. வழக்கம்போல அவள் மணிக்கட்டைத் தேடி நக்க ஆரம்பித்தது.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குட்டி கத்தியது. பிறகு அம்மாவின் குரல்.

"முடிஞ்சிருச்சா?"

"இன்னும் இல்லம்மா" என்றாள் தமிழ்மதி.